கற்றலின் நான்கு கூறுகளும் செயற்கை நுண்ணறிவும்

செயற்கை நுண்ணறிவு மாணவரின் படிப்பைக் கெடுத்துவிட்டது என்னும் குற்றச்சாட்டு இன்று கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் ஆயர் கூடுகைகளிலும் ஒருங்கே கேட்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அப்பொறியும் அதன் இனத்தைச் சேர்ந்தனவும் நம் மாணவரின் சட்டைப் பைக்குள் குடியேறிவிட்டன. ஆனால் கெட்டது யாது என்று வினவினால் விடை பலவாறாக வருகிறது. எழுதும் ஆற்றல் போயிற்று என்பார் சிலர். நினைவாற்றல் மங்கிற்று என்பார் வேறு சிலர். நேர்மை அழிந்தது என்று முடிப்பவரே மிகுதி. இவை முற்றிலும் பொய்யல்ல. எனினும் மாறிப்போன பழக்கங்களுள் மிக ஆழமானது இம்மூன்றனுள்ளும் அடங்காது என்பதும், அதனைக் காணாமல் நாம் விதிக்கும் தடைகளும் தண்டனைகளும் குறி தவறியே விழும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் மாணவரின் நிலையை அருகிலிருந்து நோக்க வேண்டும். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அண்மையில், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் இலத்தூரை எடுத்துக்கொள்வோம். இவ்வூரிலிருந்தும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் மாணவர் பேருந்தேறிச் செல்லும் கல்லூரிகளுள் குற்றாலத்துப் பராசக்தி மகளிர் கல்லூரியும் ஆழ்வார்குறிச்சிப் பரமகல்யாணி கல்லூரியும் குறிப்பிடத்தக்கவை. இவை 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இம்மாணவருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று, அதன்பின் ஆங்கிலப் பாடநூலின்முன் ஒரே நாளில் நிறுத்தப்பட்டவர்கள். வீட்டில் அகராதி இல்லை. ஐயம் கேட்கத்தக்க அண்ணனோ அக்காளோ இல்லை. சாரல் பருவத்தில் மாலைப் பேருந்து தாமதித்தால் வீடு சேர்வதற்குள் விளக்கேற்றும் நேரமாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவு வருமுன் இவர்கள் எவ்வாறு படித்தனர் என்பதை நாம் நேர்மையாக நினைவுகூர்வது நலம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு, முந்தைய ஆண்டு மாணவியின் குறிப்பேட்டை நகலெடுத்த தாள்கள், ஐந்தாண்டு வினாத்தாள்கள், தேர்வுக்கு முன் கடையில் வாங்கிய வழிகாட்டி நூல் ஆகியவையே அவர்தம் நூலகம். பள்ளியிலேயே கோனார் உரை இல்லாமல் தமிழ்ப் பாடம் படித்தவர் எத்தனை பேர்? ஆகவே மூலநூலை முழுமையாகப் படித்துத் தாமே சிந்தித்து எழுதிய ஒரு தலைமுறையை இப்பொறி வந்து கெடுத்துவிட்டது என்று பேசுவது, இல்லாத பொற்காலத்திற்கு இரங்கற்பா பாடுவதாகும்.

இன்று நடப்பது யாது? பாடநூற் பக்கத்தைக் கைப்பேசியாற் படம் பிடித்து, இதனைத் தமிழில் விளக்குக என்று மாணவி கேட்கிறாள். விளங்காவிடில் இன்னும் எளிதாகச் சொல் என்கிறாள். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒருவாறும் பத்து மதிப்பெண்ணுக்கு வேறொருவாறும் விடை கேட்டுப் பெறுகிறாள். ஒப்படைப்புகளைக் கையால் எழுதியே தர வேண்டும் என்று சில ஆசிரியர்கள் விதித்திருப்பதால், பொறி தந்ததைப் பார்த்துப் பக்கம் பக்கமாகக் கையால் படியெடுக்கும் காட்சியையும் காண்கிறோம். ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய காலத்திற்கு நாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோம் போலும்!

இப்பழக்கம் தானாக முளைத்ததன்று. 2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்குப் பெர்ப்ளெக்சிட்டி என்னும் பொறியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அளித்தது. அதே மாதம் கூகுள் நிறுவனம் இந்தியக் கல்லூரி மாணவர்க்கு ஜெமினியின் உயர்நிலைச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அறிவித்தது. அக்டோபரில் ஜியோ அதனையே 18 மாதங்களுக்குத் தர முன்வந்தது. பழக்கம் படிந்தபின் கட்டணம் வரும் என்பதை அறிய வணிகவியல் படித்திருக்கத் தேவையில்லை. இதனை அயல்நாட்டார் சூழ்ச்சி என்று மட்டும் தள்ளிவிடவும் இயலாது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் ஜோஹோ நிறுவனம் 2025 ஜூலையில் சியா என்னும் தன் சொந்த மொழி மாதிரியை வெளியிட்டது. பட்டம் இல்லாதாரையும் பயிற்றுவித்து வேலையில் அமர்த்தும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. பேருந்துச் சன்னல் வழியே வயல்களுக்கு அப்பால் அக்கட்டடத்தைக் காணும் மாணவனுக்கு, செயற்கை நுண்ணறிவு என்பது ஒழுக்கக்கேடன்று, நாளைய பிழைப்பு. அதைத் தொடாதே என்று அவனிடம் சொல்பவர் சொல் ஏறாது.

இனி, கல்வி நிறுவனங்கள் இம்மாற்றத்தை எதிர்கொண்ட விதத்தை ஆராய்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 40 வரை இருப்பின் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை இருப்பின் ஓராண்டுத் தடை. அதற்கு மேற்படின் பதிவே நீக்கப்படும். இங்கு அளவுகோலாக நிற்பது ஒப்புமை ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. சிந்தனை உண்டா இல்லையா என்று அக்கோல் கேட்பதில்லை. பொறி எழுதித் தருவதோ முன் எங்கும் இல்லாத சொற்கோவை; அதனால் அது ஒப்புமைச் சல்லடையில் சிக்காது. மூலநூலை அருகில் வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிச் சொல் மாற்றி எழுதிய எளிய மாணவன் பிடிபடுவான். ஒரு வரியும் படியாமல் பொறியிடம் வாங்கித் தந்தவன் தூயவனாக வெளிவருவான். பன்னெடுங்காலமாக நாம் அளந்துவந்தது நேர்மையையும் அன்று, அறிவையும் அன்று என்பதை இப்பொறி வெளிப்படுத்திவிட்டது.

பொறியின் எழுத்தைக் கண்டுபிடிக்க மற்றொரு பொறி என்னும் வழியும் முயலப்பட்டது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் 26 விழுக்காட்டையே அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டைப் பொறியினது என்று பழித்தது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதாது என்று அந்நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளில் இட்டபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை பொறியின் எழுத்து என்று தவறாகத் தீர்ப்பாயின. காரணம் எளிது: சொல்வளம் குறைந்த, எளிய அமைப்புடைய வாக்கியங்களை அக்கருவிகள் பொறியின் நடை என்று கருதின. அப்படியானால் நம் இலத்தூர் மாணவி தானே முயன்று எழுதிய ஆங்கிலமே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறும். வறியவன் மொழி அவனுக்கு எதிராகச் சான்று பகர்கிற நீதிமன்றத்தைத் திருச்சபையின் கல்லூரிகள் வாடகைக்கு எடுக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து.

2024இல் அரியானாவிலுள்ள ஜிந்தால் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை மாணவர் ஒருவர், தம் விடைகள் 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவால் ஆனவை என்று தோல்வியுறச் செய்யப்பட்டு, பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நடைபெறுகையிலேயே பல்கலைக்கழகம் அவர்க்குத் தேர்ச்சி வழங்கியமையால் அவ்வழக்கு முடித்துவைக்கப்பட்டது. எது குற்றம், எதனாற் குற்றம் என்ற அடிப்படை வினா தீர்க்கப்படாமலே நின்றது. அதனை நீதிமன்றத்திடம் விடுவது சரியும் அன்று. கற்றல் என்பது யாது என்று கல்வியாளர் சொல்லாதபோது வழக்கறிஞர் சொல்ல வேண்டியதாகிறது.

கற்றல் என்பது யாது?

இவ்வினாவுக்கு நம் மொழியில் மிகத் தெளிவான விடை ஒன்று உண்டு. அதனை இந்நாளில் எவரும் எடுத்துப் பேசாமை வியப்பளிக்கிறது. 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் என்னும் சமணத் துறவி இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியன் இலக்கணத்தையும் மாணாக்கன் இலக்கணத்தையும் பாடம் கேட்கும் வரலாற்றையும் வகுத்துரைக்கிறது. அன்னம், பசு முதலாக மாணவர் வகையைக் கூறும் பகுதியைப் பள்ளியில் யாவரும் படித்திருப்போம். அதனையடுத்து வரும் கணக்கு ஒன்றுண்டு. ஆசிரியன் உரைத்ததை எத்துணை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குச் சேர்வது கற்க வேண்டியதில் காற்கூறே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவடையும். இந்நூலுக்கு விருத்தியுரை வகுத்தவர் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர். அதனைப் பின்னர்த் திருத்தியமைத்தவர் விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர். ஒருவர் உரையை மற்றொருவர் திருத்த, அதனைப் பின்வந்தோர் பயின்ற அவ்வழக்கமும் தாமிரவருணி நாட்டில் இக்கணக்கிற்கு ஒரு சான்றாகவே நிற்கிறது.

இக்கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய மாற்றத்தை நோக்கினால் உண்மை புலப்படும். செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் இடத்தைப் பறித்துவிட்டது என்று அஞ்சுகிறோம். பறித்தது மெய்யானாலும் அது காற்கூறே; அந்தக் காற்கூறைப் பல கல்லூரிகளில் நாம் சரியாக வழங்கியதும் இல்லை. உண்மையான இழப்பு மற்ற முக்காற்கூறில் நிகழ்ந்துள்ளது. மாணவன் தன் ஐயத்தை இப்போது உடன் பயில்வானிடம் கேட்பதில்லை, கைப்பேசியிடம் கேட்கிறான். ஆதலால் அந்த உடன் பயில்வான் எடுத்துரைக்கும் வாய்ப்பையும் இழக்கிறான். கேட்டவனுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆகவே அவன் ஒன்றும் இழந்ததாக உணர்வதில்லை. இழந்தவன் கேட்கப்படாதவன். அவனுக்கும் தான் எதனை இழந்தான் என்பது தெரியாது. ஒருவரும் புகார் கூறாத இழப்பு இது. எனவேதான் ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றிப் பேச்சில்லை.

விடுதி வாழ்க்கையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். தேர்வுக்கு முந்திய இரவில் 'குரூப் ஸ்டடி' என்ற பெயரால் பத்துப் பேர் கூடுவர். அவருள் பாடம் விளங்கியவன் ஒருவனே இருப்பான். அவன் சொல்லத் தொடங்குவான். பாதியில் தனக்கே விளங்கவில்லை என்று கண்டு நிற்பான். வேறொருவன் குறுக்கிட்டுத் தவறாக ஒன்று சொல்வான். அத்தவறை மறுக்கப் புகுந்து முதலாமவன் தெளிவு பெறுவான். மறுநாள் தேர்வில் அதிக மதிப்பெண் பெறுபவன் பெரும்பாலும் அவனே. இரவெல்லாம் பிறர்க்குச் சொல்லிக் களைத்தவன் எப்படி முதலிடம் பெற்றான் என்று மற்றையோர் வியப்பர். பவணந்தியார் வியக்கமாட்டார். (அவ்விரவுகளில் படிப்பை விடத் தேநீரும் அரட்டையுமே மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை.) இன்று அதே அறையில் அதே பத்துப் பேர் இருக்கின்றனர். பத்துத் திரைகள் ஒளிர்கின்றன. அறை அமைதியாக இருக்கிறது. விடுதிக் காப்பாளர் மகிழ்கிறார்.

மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை நம் சபை வரலாற்றோடும் பின்னிக்கிடப்பது. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடம் சொல்லும் வழக்கம் பழமையானது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் குரு, நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்த விழைந்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழையாதபோது மாணவனையே ஆசிரியனாக அமர்த்தினார். 1797இல் அவர் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திற் பரவியது. 1811இல் தொடங்கப்பெற்ற ஆங்கிலத் திருச்சபையின் தேசியக் கழகம் தன் பள்ளிகளில் அம்முறையையே கைக்கொண்டது. செலவைக் குறைக்கும் நோக்கமும் பொருளறியா மனப்பாடமும் அதிற் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் மணலும் சட்டாம்பிள்ளையும் தமிழ் நிலத்துக்கு உரியவை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கற்றோரிடையேயும் இவ்வழக்கம் இருந்தது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி, கூடியிருந்து பாடல்களைப் படித்துச் சுவைத்த கூட்டம். அவர் குற்றாலத்தில் வாழ்ந்த பிற்காலத்திலும் அத்தகைய கூட்டங்கள் தொடர்ந்தன. கம்பர் பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதை ஏற்காத புலவர் பலர், நானும் ஏற்கேன். ஆனால் ஒரு பாடலை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் முகம் மலர்வதையும் சுளிப்பதையும் கண்டு அப்பாடலை மீளவும் எண்ணிப் பார்க்கும் அப்பயிற்சி, தனியறையில் எத்துணை நூல் கற்றாலும் வாராது.

இவ்விடத்தில் என் கூற்றுக்கு எதிராக வலிய தடை ஒன்று எழும். அது எழ வேண்டியதும் கூட. அந்தத் திண்ணையில் அமர்ந்தவர் யார்? வட்டத்தொட்டியில் இடம்பெற்றவர் யார்? பெண்கள் பெரும்பாலும் இல்லை. ஒடுக்கப்பட்டோர் திண்ணைக்குக் கீழே தெருவிலும் நிற்கவியலாத காலம் அது. விடுதி அறையின் பத்துப் பேருள்ளும் எந்தப் பத்துப் பேர் என்ற வினா உண்டு. கல்லூரி விட்டு வீடு சேர்ந்த மாணவி இருட்டியபின் அடுத்த தெருத் தோழி வீட்டுக்குப் போய்ப் படிக்க எத்தனை பெற்றோர் இசைகின்றனர்? அவளுக்குக் கூட்டுப் படிப்பு என்றும் இருந்ததில்லை. ஆகவே அதனை இழந்ததும் இல்லை. பொறியோ அவள் சாதியைக் கேட்பதில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்று நகைப்பதில்லை. ஒரே வினாவை ஏழு முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலம் தெரியாமை குறித்து நாணிக் கூனிக்குறுகிய பிள்ளைக்கு இது எத்துணைப் பெரிய விடுதலை என்பதை, ஆங்கிலம் கற்றுவிட்ட நாம் எளிதில் உணரமாட்டோம். என் சபையின் இளம்பெண்கள் சிலரிடம் இதுபற்றி உரையாடியபோது அவர்கள் கூறியதன் சாரம் இதுவே: வகுப்பில் கேட்கக் கூசிய வினாக்களை அதனிடம் கேட்கிறோம்.

இத்தடையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் இதனால் என் கருத்து வீழ்வதில்லை, கூர்மையடைகிறது. திண்ணை மறுக்கப்பட்டவளுக்குப் பொறி தருவது அந்த முதற் காற்கூறே. எடுத்துரைக்கும் அரைக்கூறு அவளுக்கு நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. முன்னே கேட்கவும் சொல்லவும் ஆளின்றித் தனித்திருந்தாள்; இப்போது கேட்க ஒரு பொறியுண்டு, சொல்ல ஆளில்லை. வசதியுள்ள வீட்டு மாணவனோ நகரத்துக் கல்லூரியில் கருத்தரங்கிலும் விவாத மன்றத்திலும் பேசிப் பழகுகிறான்; பொறியையும் வைத்திருக்கிறான். இருவர் கையிலும் ஒரே கைப்பேசி இருப்பதைக் கண்டு ஏற்றத்தாழ்வு ஒழிந்தது என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது.

பொறியை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்றும் உண்டு. துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவரைக் கொண்டு 2023இல் கணிதப் பாடத்தில் நடத்தப்பட்ட சோதனை, 2025இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கேட்டதற்கு விடை தரும் பொறியைப் பெற்றவர் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு முன்னேறினர். நேரடி விடை தராமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட பொறியைப் பெற்றவர் 127 விழுக்காடு முன்னேறினர். பின்னர்ப் பொறியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தனர். விடை தரும் பொறியில் பழகியவர், பொறியையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்புப் பொறியில் பழகியவர்க்கு அவ்வீழ்ச்சி பெரும்பாலும் நேரவில்லை. ஆனால் அவர்களும் பொறியையே காணாதவரை விஞ்சவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 127 என்ற பேரெண் தேர்வறைக்குள் கரைந்துபோயிற்று!

இது இறையியல் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய அதிகாரியின் தேரில் பிலிப்பு ஏறியமர்ந்து ஏசாயாவின் சுருளுக்கு விளக்கம் கூறிய நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். அவ்விளக்கவுரையாளர் திருமுழுக்கு முடிந்ததும் காணப்படவில்லை. அதிகாரி அவரைத் தேடி நிற்கவுமில்லை, தன் வழியே மகிழ்வோடு சென்றார். நல்ல உரையாசிரியன் தான் இல்லாமற் போகும் நேரத்தை அறிந்தவன். நம் கைப்பேசியிலுள்ள உரையாசிரியனோ தேரைவிட்டு இறங்குவதில்லை. ஒவ்வொரு விடையின் முடிவிலும், இன்னும் என்ன செய்து தரட்டும் என்று கேட்கிறான்.

நம் கல்லூரிகளின் நிலையும் கவலைக்குரியதே. செராம்பூர்ப் பேரவையின் பட்டத்துக்குத் தமிழில் எழுதும் மாணவர் தம் கட்டுரைகளைப் பொறியிடம் கேட்டு வாங்கத் தொடங்கியுள்ளனர். அத்தமிழை நான் திருத்தியிருக்கிறேன். இலக்கணப் பிழை குறைவு. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு வாக்கியத்திலும் ஓர் ஆள் இல்லை. இருந்திராத விளக்கவுரை நூல்கள் ஆசிரியர் பெயரோடும் பக்க எண்ணோடும் மேற்கோளாக நிற்பதும் உண்டு. அருளுரைக்கும் இதே நிலை வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பெறப்பட்ட மூன்று தலைப்புகள் கொண்ட அருளுரை இலத்தூருக்கும் இலண்டனுக்கும் ஒன்றுபோற் பொருந்தும். ஆதலின் இரண்டு இடத்திலும் ஒட்டாது. ஆனால் இதனைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆயரின் பணி பிறர்க்கு எடுத்துரைக்கும் பணி. துக்க வீட்டில், மகனை இழந்த தாய் கேட்கும் வினாவுக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்க்க முடியாது. பவணந்தியார் சொன்ன அரைக்கூறில் மூன்றாண்டு நான்காண்டு பழகாமல் பட்டம் பெறும் மாணவன் அவ்வீட்டு வாசலில் என்ன செய்வான்?

தீர்வு என்று நான் கூறப்போவது பெரிதன்று. கண்டறி கருவிகளுக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் நிறுத்தலாம். ஒப்படைப்புக்கு வழங்கும் அக மதிப்பெண்ணில் பாதியை, அதே பாடத்தைக் கீழ் வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைத்து அவர்தம் வினாக்களுக்கு விடை கூறுவதற்கு மாற்றலாம். கௌரவ விரிவுரையாளரைக் கொண்டு காலந்தள்ளும் கல்லூரிகளில், ஒரு வகுப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கையில், இது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் அறுபது ஒப்படைப்புகளைப் படிப்பதாகப் பாவனை செய்வதைவிட இது கடினமன்று. பொறியை வெளியே தள்ளவும் வேண்டா. ஐந்து மாணவர் ஒரு பாயில் அமர்ந்து, நடுவில் ஒரே ஒரு கைப்பேசியை வைத்து, அது தரும் விடையில் பிழை காணட்டும். பிழை இல்லாவிடில் அது ஏன் சரி என்று ஒருவர் மற்ற நால்வர்க்கும் விளக்கட்டும். அப்போது பொறி, தனி ஆசிரியன் என்னும் நிலையிலிருந்து இறங்கி, ஆறாவது மாணவனாகிறது. நன்னூல் கூறும் கிளியின் வரிசையில் அதனை வைத்துக்கொள்ளலாம்.

சபைகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். நம் சிற்றூர் ஆலயங்களை ஒட்டிய கூடங்கள் கிழமையில் ஐந்து ஆறு மாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆண்டு விழாவுக்கு வாங்கிய பாய்களும் இருக்கின்றன. விளக்கும் மின்விசிறியும் உண்டு. மாலை ஆறு முதல் எட்டு வரை எச்சமயத்து, எச்சாதிப் பிள்ளைகளும் வந்து கூடிப் படிக்க அவற்றைத் திறந்துவைப்பதற்குச் சேகரக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். கல்லூரி மாணவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். அதற்கு ஊதியம் வேண்டா, அவர்களுக்கு அதுவே பாதிப் படிப்பு. இத்தகைய படிப்பகங்கள் முன்பும் பல ஊர்களில் தொடங்கி நின்றுபோனமைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வாலிபர் சங்கத்துப் பையன்கள் மட்டும் வந்தனர், பிறகு கேரம் பலகை வந்தது, பிறகு பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை. ஆகவே சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். பெண்கள் ஐக்கியத்தின் செயலரிடம் அது இருக்கட்டும். எட்டு மணிக்கு மாணவியரை வீடு வரை கொண்டுசேர்ப்பது யார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி, பெயரைக் குறித்து, ஞாயிறு ஆராதனையில் வாசித்துவிட வேண்டும்.